ஆறுக்கு நாலு கண்ணாடி

அத்தியாயம் 17

காலையில் பல் துலக்கிய கையோடு கண்ணாடிக்காரர் மருமகளிடம் போய்க் கையை நீட்டினார்.

"உன் போனைக் குடும்மா."

"எதுக்கு மாமா?"

"அளக்கணும்."

மருமகள் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டாள். முப்பத்தைந்து வருடமாகக் கண்ணாடி வெட்டுகிற மனிதர் எதையாவது அளக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டால் அந்த வீட்டில் யாரும் குறுக்கே நிற்பதில்லை. போனை அளக்கப்போகிறாரா, போனை வைத்து வேறெதையாவது அளக்கப்போகிறாரா என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அவர் அளக்கப்போனது வைஃபையை.

போன வாரம் இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்குப் பரணிலிருந்து பெட்டிகள் இறங்கியது தெரியும். மருமகளின் பழைய அலுவலகம் கொடுத்த ஒரு வருட விடுப்பு முடிகிறது. ஒன்றாம் தேதி வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். அலுவலகமோ ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகிற தூரம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகன் அந்த ஊரிலேயே ஒரு கடையில் பேசிவைத்துவிட்டான். கண்ணாடிக்காரர் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கிறார்.

அவர்கள் போகாமல் இருக்க ஒரே ஒரு வழி இருந்தது. அது இன்று மாலை நாலு மணிக்கு.

மருமகள் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாதவர்கள் கையால் சொல்வதை வாயால் சொல்வாள். மற்றவர்கள் வாயால் சொல்வதைக் கையால் சொல்வாள். ஆஸ்பத்திரிகளுக்கு வீடியோ வழியாகவே இந்த உதவியைச் செய்கிற ஒரு நிறுவனம் அவளைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. தேறினால் வீட்டிலிருந்தே வேலை, மாடி அறைதான் ஆபீஸ், பெட்டிகள் மறுபடி பரணுக்கு.

நிறுவனத்தின் ஆப் போனில்தான் ஓடும். கதவை மூடிக்கொண்டு தனியாக உட்கார வேண்டும். முகத்தில் வெளிச்சமும் முதுகுக்குப் பின்னால் வெறும் சுவரும் இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்துகிற ஒரே இடம் மாடி அறையின் மூலை.

அந்த மூலையில் வைஃபை ஒற்றைக் கோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது.

பேச்சென்றால் விட்டுவிட்டுக் கேட்டாலும் ஒப்பேற்றிவிடலாம். கை அசைவு பாதியில் உறைந்து நின்றால் "வலி இல்லை" என்று ஒருவர் சொன்னதில் "வலி" மட்டும்தான் வந்து சேரும். இதை மருமகள் நேற்று சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் சொன்னாள். கண்ணாடிக்காரருக்கு அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே அளவு.

காதில் செருகியிருந்த மெழுகுப் பென்சிலை எடுத்தார். கண்ணாடியில் வெட்டவேண்டிய இடத்தில் கோடு போடுகிற பென்சில் அது. வைஃபை பெட்டி, கீழே பின்கட்டில், பிரிட்ஜ் தலையில் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு எட்டுக்கும் நின்று, போனின் உச்சியில் எத்தனை கோடு என்று பார்த்து, சுவரில் எழுதிக்கொண்டே போனார். 4. 4. 3. படிக்கட்டு ஆரம்பத்தில் 3.

நர்ஸ் வேலைக்குக் கிளம்பி வந்த மனைவி சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது? வீட்டை விற்கப் போறீங்களா, வெட்டப் போறீங்களா?"

"அழிச்சா போயிடும்."

"யாரு அழிக்கிறது?"

கண்ணாடிக்காரர் சட்டென்று பேச்சை மாற்றினார். "நாலு மணிக்கு இந்த மைக்ரோவேவை யாரும் போடக்கூடாது. நேத்து நீ சாம்பார் சூடு பண்ணினப்ப இங்க இருந்த மூணு கோடும் ஒண்ணாயிடுச்சு. நான் பார்த்தேன்."

"எங்க ஆபரேஷன் தியேட்டர்ல கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது," என்றாள் நர்ஸம்மா. வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். "சாயங்காலம் நீங்க எங்கயும் வெளிய போகலையே?"

"நாலு மணிக்கு அவளுக்குப் பரீட்சை. நான் எங்க போவேன்?"

"சரி சரி. சும்மாதான் கேட்டேன்."

நர்ஸம்மா சும்மா எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் கண்ணாடிக்காரரின் கவனமெல்லாம் கோட்டில் இருந்தது.

பத்து மணிக்கு மருமகளும் சேர்ந்துகொண்டாள். போனுக்கே ஏதாவது செய்து பார்ப்போம் என்றாள். முதலில் அதன் உறையைக் கழற்றினாள். வண்டியில் ஒட்டிவைப்பதற்காக உள்ளே ஒரு இரும்புத் தகடு இருந்தது. தகடு போனதும் படிக்கட்டில் மூன்று கோடு நாலானது.

"பாத்தீங்களா மாமா? சட்டைக்குள்ள சட்டை போட்டுக்கிட்டு வேர்க்குதுன்னு அழுதிருக்கு."

"என்னோடதையும் பார்ப்போம்," என்று அவரும் உற்சாகமாகத் தன் போன் உறையைப் பிய்த்தார். உள்ளேயிருந்து நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு தரையில் விழுந்தது.

மருமகள் குனிவதற்குள் அவர் குனிந்துவிட்டார்.

"என்ன மாமா அது?"

"பழைய அளவு ஒண்ணு." சீட்டு பழைய இடத்துக்கே போய், மேலே உறையும் ஏறிக்கொண்டது. அவளும் கேட்கவில்லை. கேட்கக்கூடாத இடம் எது என்று ஒரு வருடத்தில் நன்றாகவே தெரிந்துவைத்திருந்தாள்.

அடுத்து, போனிலிருந்து வைஃபையை ஒருமுறை மறக்கச் சொல்லிவிட்டுப் புதிதாகச் சேர்த்துப் பார்த்தாள். பாஸ்வேர்டு கேட்டது. அந்த வீட்டுப் பாஸ்வேர்டை அடிக்கும்போது யாருக்கும் சிரிப்பு வராமல் இருக்காது. "அப்பா டேப் எங்க." இங்கிலீஷ் எழுத்தில், இடைவெளி இல்லாமல். நாளைக்கு நாற்பது தடவை அளக்கிற டேப்பைத் தொலைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவரைப் பார்த்து, வைஃபை வந்த அன்று அவருடைய மூத்த மகள் வைத்த பாஸ்வேர்டு அது.

அந்த மகளை வீட்டில் சிட்டு என்பார்கள். அவள் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

கடை ஆர்டர்களையெல்லாம் அவள்தான் கம்ப்யூட்டரில் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு பேக்கரியின் முன்பக்கத்துக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்த கண்ணாடி நாலு அங்குலம் குட்டையாக வந்தது. அது சுட்டு இறுக்கிய கண்ணாடி. வந்தபின் வெட்டவோ ஒட்டவோ முடியாது. பேக்கரிக்காரரின் முன்னாலேயே கண்ணாடிக்காரர் கத்தினார். "அளவு தெரியாதவளுக்குக் கடையில என்ன வேலை?" அந்த வாரமே சிட்டு வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். தம்பி கல்யாணத்துக்கு வந்தாள், மண்டபத்தில் சாப்பிட்டாள், வீட்டு வாசலை மிதிக்காமல் கிளம்பிவிட்டாள். அம்மாவிடம் போனில் பேசுவாள். அப்பாவிடம் இல்லை.

வைஃபையைப் பற்றி மகனுக்கும் ஒரு யோசனை இருந்தது. மருந்துக்கடையிலிருந்து போன் போட்டுச் சொன்னான்.

"அப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க நம்ம வைஃபையைத்தான் இழுக்கிறாங்க. பாஸ்வேர்டை மாத்துங்க. எத்தனை நாளா சொல்றேன்?"

"அதெல்லாம் வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"எனக்குப் புதுசெல்லாம் ஞாபகம் இருக்காது."

"மாத்தி சுவர்ல எழுதி வைங்க. அதான் எல்லாத்தையும் எழுதறீங்களாமே. அம்மா சொன்னாங்க."

"வேண்டாம்னா வேண்டாம்டா."

ஞாபகம் ஒரு சாக்குதான். என்றைக்காவது சிட்டு இந்த வாசலுக்கு வந்தால், அவள் போன் தானாகவே இந்த வீட்டோடு சேர்ந்துகொள்ளும். பாஸ்வேர்டை மாற்றினால் சேராது. வாசல் பூட்டை மாற்றிவிட்டு மகளுக்குச் சாவி கொடுக்காமல் விட்டது போலாகிவிடும். இதை வாயைத் திறந்து சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அதனால் இரண்டு வருடமாக ஞாபக மறதிக்காரர் என்ற பெயரைச் சுமந்துகொண்டிருந்தார்.

மாமனாரின் பிடிவாதத்துக்கு மருமகள் ஒரு மாற்று கண்டுபிடித்தாள். அவருடைய போனில் வைஃபை பெட்டியின் ஆப்பைப் போட்டுக்கொடுத்தாள். எந்தெந்தப் போன் சேர்ந்திருக்கிறது என்று அதில் பெயரோடு பட்டியல் வரும்.

"விரலால கீழ இழுத்து விடுங்க மாமா. அந்த நிமிஷத்துக் கணக்கு வரும்."

இழுத்தார். டிவி ஒன்று. மருமகள் போன், அவர் போன். காலையில் இருந்த நர்ஸம்மா, மகன் போன்கள் இரண்டும் வெளியே போயிருந்தன.

"வேற யாரும் இல்ல. பாவம், பக்கத்து வீட்டுக்காரங்களைச் சும்மா திட்டிட்டோம்."

"அப்ப யாருதான் திருடன்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடிக்காரர் படியேறினார்.

திருடன் யார் என்பது பன்னிரண்டு மணிக்குத் தெரிந்தது.

மேல்படியில் நாலு கோடு. அறை வாசலிலும் நாலு. அறைக்குள் நுழைந்து மூலைக்குப் போனால் ஒன்று. பத்தடி தூரத்தில் மூன்று கோடு மாயமாகிறது. நடுவில் இருப்பதோ ஒற்றைச் செங்கல் சுவர். கண்ணாடிக்காரர் திரும்பவும் வாசலுக்கு வந்தார், சுவரை ஒட்டியே ஓரடி ஓரடியாக நகர்ந்தார். மூன்று. மூன்று. ஒன்று. ஒன்று. ஒன்று.

ஒன்று ஆரம்பித்த இடத்தில் கோடு போடக் கையைத் தூக்கினார். பென்சில் பட்டது சுவரில் இல்லை.

கண்ணாடியில்.

மகன் கல்யாணத்துக்கு அவரே செய்து, அவரே மாட்டிய கண்ணாடி. ஆறுக்கு நாலு. விளிம்பு நாலு பக்கமும் சாய்த்து இழைத்தது. பதினோரு நாள் வேலை. அவர் கையிலிருந்து வந்ததிலேயே அதுதான் நல்லது என்று அவருக்கே தெரியும், அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லாமலும் விட்டதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது வெள்ளிப் பூச்சு என்பதை அவருக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. படிக்கட்டு வழியாக ஏறி வந்த வைஃபைக்கும் மருமகள் உட்காரும் மூலைக்கும் நடுவில், இருபத்து நாலு சதுர அடிக்கு ஒரு உலோகத் தகட்டை நிறுத்தி வைத்திருந்தார், அதுவும் ஆசை ஆசையாக.

கண்ணாடிக்குள் இருந்த மனிதர், கையில் பென்சிலும் போனுமாக, மாட்டிக்கொண்ட முழி முழித்தார்.

கட்டிலில் உட்கார்ந்தார். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. இந்த ஒரு வருடமாக மருமகள் யாரோடு வீடியோவில் பேசினாலும் படிக்கட்டின் மேல்படியில்தான் உட்கார்ந்து பேசுவாள். ஒரு மெத்தைத் துண்டுகூட அங்கே நிரந்தரமாகக் கிடந்தது. கேட்டதற்கு, அங்கேதான் காற்று நன்றாக வருகிறது என்றாள்.

அவள் சாப்பிடக் கூப்பிட வந்தாள். மாமனாரையும் கண்ணாடியில் இருந்த கோட்டையும் பார்த்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

மருமகள் கையால் ஆயிரம் பேசுவாள். இப்போது அந்தக் கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

"தெரியும் மாமா."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க எவ்வளவு ஆசையா குடுத்தது. இதைக் கழட்டுங்கன்னு எப்படிச் சொல்வேன்? கதவைக் கொஞ்சம் திறந்து வெச்சு, சமாளிச்சுடலாம்னு பார்த்தேன்."

"கதவை மூடணும்னு அவங்க சொல்லியிருக்காங்க. அப்புறம் எங்கருந்து சமாளிப்பே? என் மனசு நோகக்கூடாதுன்னு ஊரை விட்டே போயிடுவியா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தப்பு என்னோடதும்மா," என்றார் கண்ணாடிக்காரர். "எங்க மாட்டணும்னு நான் யோசிச்சிருக்கணும். என் தப்புதான்."

சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. இரண்டு வருடமாக ஒரு இடத்தில் சொல்லவேண்டியது, தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது, அதே வார்த்தைதான்.

போன் உறைக்குள் இருந்த சீட்டின் விவரத்தை இங்கே சொல்லிவிடலாம். சிட்டு வீட்டை விட்டுப் போன பத்தாவது நாள், கடையில் மாட்டியிருந்த தன் பழைய சட்டையின் பையிலிருந்து அது அவர் கையில் சிக்கியது. பேக்கரியில் எடுத்த அளவு. அவர் கையெழுத்து. நாலு அங்குலம் குறைத்து எழுதியது அவரேதான். அவள் அப்படியே அனுப்பியிருக்கிறாள். அதைக் கிழித்துப் போடவும் மனம் வரவில்லை, அவளிடம் காட்டவும் தைரியம் வரவில்லை.

மூன்று மணிக்கு மகன் வந்துவிட்டான். நர்ஸம்மாவும் வந்தாள், உடுப்பைக்கூட மாற்றாமல். விஷயத்தைக் கேட்ட மகன் முதலில் கண்ணாடியைத் தொட விடவில்லை.

"பெட்டியை மேல கொண்டு வந்துடலாம்ப்பா. அது போதும்."

மொட்டைமாடியிலிருந்து இறங்குகிற ஒயர் படிக்கட்டு வழியாகத்தான் பின்கட்டுக்குப் போகிறது. அதைப் பாதி வழியில் இழுத்துப் பிடித்து, வைஃபை பெட்டியை மேல்படிக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தார்கள். ஒயர் அதோடு சரி. அறைக்குள் போக ஒரு முழம் குறைந்தது. கதவை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து மருமகள் தன் தோழி ஒருத்தியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தத் தோழிக்குக் காது கேட்காது. இரண்டு கோடு வந்தது. தோழி கையைத் தூக்கினாள், தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

மணி மூன்று இருபது.

"கழட்டு," என்றார் கண்ணாடிக்காரர்.

"அப்பா, அது உங்க..."

"என்னோடதுதான். அதான் நான் சொல்றேன், கழட்டு."

பசையை நம்பாதவர் என்பதால் கண்ணாடி வெறும் கிளிப்புகளில்தான் நின்றிருந்தது. ரப்பர் கைப்பிடிகளைக் கண்ணாடி முகத்தில் அழுத்தி ஒட்டினார். மகன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், கீழ் விளிம்புக்கு நர்ஸம்மா.

"மூச்சைப் பிடிச்சுக்க. நான் சொன்னப்புறம் தூக்கு."

"நான் ஸ்ட்ரெச்சர் தூக்கறவ. எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

"அது கீழ விழுந்தா உடையாது."

"உள்ள இருக்கிறவரு உடைவாருல்ல!"

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அந்த முகத்தில் வந்த முதல் முழுச் சிரிப்பு. கண்ணாடி ஒரு கீறல் இல்லாமல் இறங்கி, பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரில் சாய்ந்துகொண்டது.

"இங்கயே மாட்டிடலாம்," என்றான் மகன். "பக்கத்து வீட்டுக்கும் இனிமே எட்டாது."

"அவங்களை விடமாட்டியாடா நீ?"

மருமகள் தோழியை மறுபடி கூப்பிட்டாள். நாலு கோடு. தோழியின் கைகள் தண்ணீர் போல ஓடின. மருமகள் போனைத் திருப்பி அறையைக் காட்டியதும் எதையோ கேட்டாள், இவள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்.

"ரூம் திடீர்னு சின்னதாயிடுச்சே, அந்தப் பெரிய கண்ணாடி எங்கன்னு கேக்கறா மாமா."

"பரீட்சைக்கு வழி விட்டுச்சுன்னு சொல்லும்மா."

நாலு மணிக்குக் கதவு மூடியது.

நர்ஸம்மா மைக்ரோவேவின் பிளக்கையே பிடுங்கிவிட்டாள். மகன் தன் போனையும் டிவியையும் அணைத்தான். கண்ணாடிக்காரர் மேல்படியில், மெத்தைத் துண்டின் மேல், காவல்காரர் மாதிரி உட்கார்ந்தார். கையில் ஆப். பட்டியலைக் கீழே இழுத்தார். மருமகள் போன், அவர் போன், நர்ஸம்மா போன். அவர் முறைத்துப் பார்ப்பதால்தான் வைஃபை ஒழுங்காக ஓடுகிறது என்கிற பாவனையில், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்தார்.

உள்ளே பெரும்பாலும் சத்தமே இல்லை. நடுநடுவே மருமகளின் குரல் கேட்டது. சோதனைக்காக யாரோ நோயாளியாக நடிக்கிறார்கள் போலிருக்கிறது. "எனக்கு மூணு நாளா வலி, ஆனா நெஞ்சில இல்ல," என்றாள் ஒருமுறை, யாரோ ஒரு வயதானவரின் நிதானத்தோடு. அந்த "இல்ல" முழுசாக வந்து சேர்ந்தது என்று கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டார்.

அப்புறம் மௌனம். நாலு முப்பது. நாலு நாற்பது. மகன் கீழே நடக்கிற சத்தம் மட்டும்.

கதவு திறந்தது.

மருமகள் வாயால் எதுவும் சொல்லவில்லை. இரண்டு கையையும் தூக்கி, விரல்களை விரித்து ஆட்டினாள். காது கேளாதவர்கள் கை தட்டுகிற விதம் அது. கல்யாணத்தன்று அவள் தோழிகள் மண்டபம் முழுக்க அப்படித்தான் ஆட்டினார்கள். கண்ணாடிக்காரர் மெதுவாக எழுந்து, தானும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். போன் நழுவப் பார்த்தது.

"திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க மாமா. படம் எப்படி இவ்வளவு தெளிவா இருக்கு, உங்க வீட்ல என்ன ஏற்பாடுன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"எங்க மாமா அளந்தாருன்னு சொன்னேன்."

கண்ணாடிக்காரர் அவள் தலையில் கை வைத்தார். மகன் ரெண்டு ரெண்டு படியாகத் தாவி வந்து பெண்டாட்டியைக் கட்டிப்பிடித்தான். அப்பா நிற்கிறார் என்பதெல்லாம் அவனுக்கு அப்போது நினைவில்லை. அப்புறம் இருவருமாகப் பெட்டிகளைப் பரணில் ஏற்ற ஓடினார்கள். இறக்கும்போது இரண்டு நாள் ஆனது, ஏற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கீழே நர்ஸம்மா டீ போடுகிற வாசனை வந்தது.

கண்ணாடிக்காரர் மட்டும் மாடி அறைக்குள் போய் நின்றார். நிறைவாக இருந்தது. கண்ணாடி போன சுவரில் சற்று வெளுப்பாக ஒரு ஆறுக்கு நாலு தெரிந்தது. தெருப்பக்க ஜன்னல் திறந்திருந்தது, வெயில் தணிந்துகொண்டிருந்தது. இனிமேல் காவல் தேவையில்லைதான். இருந்தாலும் பழக்க தோஷம், பட்டியலை ஒருமுறை கீழே இழுத்தார்.

மருமகள் போன். அவர் போன். நர்ஸம்மா போன். மகன் மறுபடி போட்டுவிட்ட அவன் போன்.

ஐந்தாவதாக ஒன்று இருந்தது.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அந்தப் போனுக்கு அதன் சொந்தக்காரி வைத்த பெயர், சிட்டு.

பின்கட்டில் பிரிட்ஜ் மேல் இருந்தவரைக்கும் வைஃபை தெருவை எட்டிப் பார்த்ததே கிடையாது. இப்போது பெட்டி மாடத்தில் இருக்கிறது, கண்ணாடி இல்லை, கதவும் ஜன்னலும் திறந்திருக்கின்றன. தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். பழைய பாஸ்வேர்டைத் தெரிந்து வைத்திருந்த ஒரு போன் தானாகவே வந்து சேர்ந்துகொண்டது.

ஜன்னலுக்குப் போனார். நிறுத்தத்தின் தகரக் கூரை மேலிருந்து தெரிந்தது. கூரைக்கு அடியில் யார் என்று தெரியவில்லை. இன்றைக்குத்தான் வந்து நிற்கிறாளா? இல்லை, இதற்கு முன்னாலும் இப்படி வந்து, வாசலைப் பார்த்துவிட்டு, அப்படியே பஸ் ஏறிப் போயிருக்கிறாளா? எத்தனை தடவை?

"ஏங்க," என்று கீழேயிருந்து நர்ஸம்மா கூப்பிட்டாள். குரலில் ஏதோ ஒரு மாதிரி இருந்தது. "அஞ்சு மணி பஸ் வந்துடுச்சான்னு கொஞ்சம் பாருங்களேன்."

காலையில் அவள் சும்மா கேட்ட கேள்வி இப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. பஸ் வந்துகொண்டிருந்தது. தெருமுனையில் திரும்பி, பெருமூச்சு விட்டபடி நிறுத்தத்துக்கு முன்னால் நின்றது. கூரையும் மறைந்துபோயிற்று, பஸ்ஸின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு பேர் இறங்கியதும், யாரோ ஏறியதும், சத்தத்தில்தான் தெரிந்தது.

கண்ணாடிக்காரர் அதைப் பார்க்கவில்லை. போன் உறையைப் பிரித்து, மடித்த சீட்டை எடுத்து, கைக்குள் பொத்திக்கொண்டார். மத்தியானம் ஒருமுறை சொன்ன வார்த்தையை உதட்டுக்குள் இன்னொருமுறை சொல்லிப் பார்த்தார். வந்தது.

பஸ் கிளம்பிற்று. தெருமுனை திரும்பும் வரைக்கும் காத்திருந்து, பட்டியலைக் கீழே இழுத்தார்.

சிட்டு அங்கேயே இருந்தாள்.